சேனைக்குச் சோறு

என் சரித்திர நாவல் ஒன்றில் ஐம்பதினாயிரம் வீரர்களை ஒரே இரவில் காட்டைக் கடக்க வைத்தேன். கையெழுத்துப் பிரதியைப் படித்த என் மனைவி ஒன்றுதான் கேட்டாள்: "இத்தனை பேருக்கும் யார் சமைத்துப் போட்டார்கள்?"

சிரித்து மழுப்பிவிட்டேன். பிறகு 1944-ஆம் வருஷத்து இம்பால் யுத்தத்தைப் பற்றிப் படித்தேன். சிரிப்பு அடங்கிப் போயிற்று.

ஜப்பானியத் தளபதி முட்டாகுச்சியும் என்னைப் போன்ற கற்பனைக்காரர்தான். மூன்று வார உணவு போதும். அதற்குள் இம்பாலைப் பிடித்து, ஆங்கிலேயரின் கிடங்குகளிலேயே சாப்பிடலாம் என்று மார்ச் மாதம் சேனையை நடத்தினார். செங்கிஸ்கானைப் போல, சுமக்கவும் பிறகு சமைக்கவும் ஆயிரக்கணக்கான மாடுகளையும் ஓட்டிச் சென்றார். சிண்ட்வின் நதியிலும் மலைப் பாதையிலும் மாடுகள் மடிந்தன. இம்பாலோ விழவில்லை, முற்றுகைக்குள் இருந்தவர்களுக்கு ஆகாய விமானத்தில் அரிசியும் மாவும் வந்து இறங்கின.

கொஹிமாவிலிருந்த தளபதி சாட்டோ உணவு கேட்டுக் கேட்டு அலுத்தார். கடைசியில் கட்டளையை மீறிப் படையைத் திருப்பினார்; பதவி போயிற்று. அந்தச் சேனையில் குண்டுக்கு இரையானவர்களைவிடப் பசிக்கும் நோய்க்கும் இரையானவர்களே அதிகம்.

அன்றிரவு என் நாவலில் ஓர் அத்தியாயம் சேர்த்தேன். அதில் யுத்தம் கிடையாது. பொதிமாடுகளும் அரிசி மூட்டைகளுந்தான். காட்டைக் கடக்க என் வீரர்களுக்கு இப்போது பதினெட்டு நாள் ஆகிறது.