பிள்ளைகள் எழுவதற்குள்

வீட்டில் இருந்தபடியே இணையத்தில் ஏதாவது சம்பாதிக்க முடியுமா என்று கேட்டு வரும் பெண்களிடம், "உங்கள் வீட்டில் யாரும் உங்களைக் கூப்பிடாத நேரம் எது?" என்றுதான் முதலில் கேட்பேன். பதில் சட்டென்று வராது. யோசித்துவிட்டு, "ராத்திரி பத்து மணிக்கு மேல்" என்பார்கள் சிலர். "பாப்பா மத்தியானம் தூங்கும்போது. ஆனா எப்ப எழுந்திருப்பான்னு சொல்ல முடியாதுக்கா" என்றாள் ஒருத்தி. எந்த வேலையை எடுப்பது என்பதற்கு, படிப்பையும் திறமையையும்விட அந்தப் பதில்தான் சரியான வழிகாட்டி.

எனக்குக் கிடைத்தது விடிகாலை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஜூமில் தமிழ் சொல்லித் தருகிறேன். இங்கே சனிக்கிழமை காலை ஐந்தரை என்றால் நியூஜெர்சியில் வெள்ளி இரவு எட்டு. அங்கே பிள்ளை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும். இங்கே என் பிள்ளைகள் போர்வைக்குள் இருப்பார்கள். ஆனால் நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்துவிடுவார்கள். அதே எட்டு மணி வகுப்பு நமக்கு ஆறரைக்கு வந்து நிற்கும். வார நாளில் குக்கர் விசில், சீருடை, டிபன் பாக்ஸ், பள்ளி வேன் எல்லாமும் அதே ஆறரைக்குத்தான். மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை இந்தப் பாடு. அதனால் அக்டோபரிலேயே பெற்றோர்களிடம் பேசிவிடுவேன். ஏழு மணிக்கு உட்கார முடிகிற பிள்ளைகளுக்கு வார நாள், முடியாதவர்களுக்குச் சனிக்கிழமை.

இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் இருக்கிறது, வாயில் இல்லை. அம்மா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். அவர்களிடம் 247 எழுத்தோடு ஆரம்பித்தால் மறுவாரம் கேமராவை அணைத்துவிடுவார்கள். நான் அவர்கள் வீட்டுச் சமையலறையில் ஆரம்பிப்பேன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அஞ்சறைப் பெட்டியைக் காட்டச் சொல்வேன். கடுகு, சீரகம், மிளகு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, "மிளகு"க்கும் "பழம்"க்கும் நாக்கு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே எழுத்துக்கு வருவோம். 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இணையத்திலேயே கிடைப்பது பெரிய துணை. ஊருக்குப் போன் போட்டு ஒரு பெண் தன் பாட்டியிடம் முழு வாக்கியமாகத் தமிழில் பேசினாள் என்று அவள் அம்மா செய்தி அனுப்பிய நாளில், சம்பளத்தைவிட அதற்காகவே எழுந்திருக்கலாம் என்று தோன்றியது.

சம்பளத்தையும் பேசத்தான் வேண்டும். ஒரு மணி நேர வகுப்புக்குப் பின்னால் இன்னொரு மணி நேரம் மறைந்திருக்கிறது. சொல்லட்டைகள் செய்ய வேண்டும். பிள்ளைகள் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பும் பக்கங்களைத் திருத்த வேண்டும். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் கட்டணம் சொல்ல வேண்டும். நம்மில் பலர் அதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். பேபால் வழியாகப் பணம் வந்தால் அவர்கள் கட்டணமும் நாணய மாற்றுப் பிடித்தமும் போகும். கைக்கு வருவது பேசியதைவிடக் குறைவுதான். சில வீடுகளில் தாத்தாவே இங்கிருந்து ஜிபேயில் போட்டுவிடுவார். அது நிம்மதி.

கீழ் வீட்டு அக்கா புடவை விற்கிறார். சேலம் பக்கத்து இளம்பிள்ளையிலிருந்தும் சூரத்திலிருந்தும் மொத்த வியாபாரிகள் அனுப்பும் படங்களை, தன் லாபத்தைச் சேர்த்து ஸ்டேட்டஸில் வைப்பார். ஆர்டர் வந்தால் அங்கிருந்தே பார்சல் போய்விடும். முதலீடு கிடையாது, இருப்பு வைக்க இடம் வேண்டாம். கேட்பதற்கு இதுதான் எல்லாவற்றிலும் சுலபமான வேலை. ஆனால் அந்தப் போன் ஓய்வதே இல்லை. "சிங்கிள் பீஸ் கிடைக்குமா", "படத்துல இருக்கிற கலரேதானா", "வேற பார்டர் இருக்கா" என்று இரவு பதினொன்றுக்கும் கேட்பார்கள். நூல் இழுத்திருந்தால், பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இல்லாமல் மொத்த வியாபாரி மாற்றித் தரமாட்டார். வாங்கியவருக்கோ அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. நடுவில் நிற்கிற அக்காவின் லாபம் அதில் போய்விடும். 2015-இல் பெங்களூரில் தொடங்கிய மீஷோ என்ற விற்பனைச் செயலி இப்படிப்பட்ட பெண்களை நம்பித்தான் வளர்ந்தது. பிறகு வாங்குகிறவர்களே நேராகச் செயலியில் வாங்கத் தொடங்கினார்கள். இடையில் இருப்பவரின் இடம் எப்போதும் இப்படித்தான். அக்காவின் தொழில் இன்னும் நிற்கிறதென்றால், இன்னாருக்கு இன்ன நிறம் எடுக்கும் என்று அவருக்குத் தெரிவதால்தான்.

சத்துமாவு, இட்லிப்பொடி செய்து விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். சிறு தயாரிப்பாளருக்கான அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். யூடியூபை மட்டும் பள்ளிக் கட்டணத்துக்கு நம்பாதீர்கள். விளம்பரப் பணம் வர 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். (ஷார்ட்ஸுக்குக் கணக்கு வேறு.) அதன் பிறகும் வருகிற தொகைக்கு உறுதி கிடையாது.

என் மனம் பதறுவது இன்னொரு கூட்டத்தை நினைத்துத்தான். "வீட்டிலிருந்தே பகுதி நேர வேலை, வீடியோவுக்கு லைக் போட்டால் போதும்" என்று டெலிகிராமில் இழுப்பார்கள். முதலில் நூற்றைம்பதோ இருநூறோ நிஜமாகவே கணக்கில் விழும். அந்த நம்பிக்கையில் அடுத்த "டாஸ்க்"குக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். அதை மீட்க இன்னும் கொஞ்சம், அதையும் மீட்க இன்னும் கொஞ்சம். எனக்குத் தெரிந்த ஒரு பெண் நகையை அடகு வைத்துக் கட்டினாள். வீட்டில் திட்டுவார்கள் என்று பல நாள் வாய் திறக்கவில்லை. பணம் போனது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்தால், அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. தாமதிக்கத் தாமதிக்கப் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிவிடும். அவளைத் தாமதிக்க வைத்தது வீட்டாரின் பேச்சுக்கான பயம். வங்கிக் கணக்கைக் கொடுத்தால் கமிஷன் தருகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். கொடுத்தால் வழக்கு உங்கள் பெயரில் வரும். வேலை கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு உங்களிடம் பணம் கேட்பவர் வேலை கொடுப்பவர் அல்ல.

எங்கள் குடியிருப்பில் ஓர் அப்பாவும் அலுவலகம் முடிந்து வந்து ஆன்லைனில் பிளஸ் ஒன் கணக்குப் பாடம் எடுக்கிறார். அவர் அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். "அப்பா கிளாஸ்ல இருக்கார், சத்தம் போடாதே" என்று பிள்ளையை அடக்குவார் அவர் மனைவி. இடையில் டீயும் உள்ளே போகும். அதே வேலையை அம்மா செய்தால் கதவைச் சாத்தும் வழக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது? "கொஞ்சம் எழுந்து வந்து பாரேன், என் பர்ஸ் எங்கே?" என்ற குரல் மைக்கில் கேட்காத வகுப்பு குறைவு. அவள் கொண்டுவரும் பணத்தில்தான் பிள்ளையின் வேன் கட்டணம் போகிறது. அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ள யாருக்கும் தயக்கம் இல்லை. அவள் உட்காரும் ஒரு மணி நேரத்தைக் கொடுப்பதற்குத்தான் மனம் வருவதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்குத்தான். அவள் கணினி முன் உட்கார்ந்தால் கதவைச் சாத்திவிடுங்கள். பால் பாக்கெட்டை நீங்கள் எடுத்து வையுங்கள். பிள்ளை அழுதால் நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள்.