ரெக்சின் சீட்

ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு முதலில் வந்த மாருதி 800 வெள்ளை நிறம். டேனரி முதலாளி ஒருவருடையது. வெயிலில் நின்ற வண்டியில் ஏறினால் சீட் தொடையில் ஒட்டிக்கொள்ளும், ரெக்சின். கப்பல் கப்பலாகத் தோல் அனுப்புகிறவர் ஞாயிற்றுக்கிழமை ரெக்சினில் உட்கார்ந்து வாணியம்பாடிக்கு விருந்துக்குப் போவார். சின்ன வயதில் எனக்கு இது பெரிய புதிர். "நம்ம தோல்லயே ஒரு சீட் தச்சிப் போட்டுக்கலாமே?" என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா அவருடைய டேனரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். "வித்தா காசு, ஒக்காந்தா செலவு" என்றார், பேனாவை நிறுத்தாமல்.

அந்த வண்டியைப் பற்றியும் அதைச் செய்த ஜப்பான்காரர்களைப் பற்றியும் அவ்வப்போது குறித்து வைத்தவை கீழே. வரிசை எதுவும் இல்லை.

*

சுசுகி முதலில் கார் கம்பெனி இல்லை, தறிக் கம்பெனி. இது தெரிந்த அன்று குடியாத்தம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே லுங்கிப் பாவு காய்ந்துகொண்டிருந்தது.

மிச்சியோ சுசுகி தச்சு வேலை பழகியவர். ஊர் ஹமமட்சு, டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் ஏறக்குறைய நடுவில். அம்மாவுக்காக ஒரு மரத்தறி செய்தார், அது நன்றாக நெய்தது, அக்கம்பக்கத்தார் கேட்டார்கள் என்று கதை சொல்வார்கள். 1909-ல் தறிப்பட்டறை தொடங்கினார். 1920-ல் அது கம்பெனி ஆனது. பிறகு கட்டம் போட்ட சாரோங் நெய்யும் தறிகளைச் செய்து தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பினார். சாரோங் என்றால் வேறென்ன, நம் கைலிதான். குடியாத்தத்துக்காரருக்கு இவரிடம் அரை மணி நேரம் பேசுவதற்கு விஷயம் இருந்திருக்கும்.

யமஹாவும் காவாய் பியானோவும் ஹமமட்சுதான். ஹோண்டா தொடங்கியதும் அங்கேதான். ஒருத்தன் பட்டறையில் திருகாணி பழகியவன் அடுத்த தெருவில் இன்னொரு பட்டறை போடுகிற ஊர். ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் இப்படித்தான் பெருகின. அதனால் அந்த ஊரைப் பார்க்காமலேயே எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று ஒரு நினைப்பு.

*

1950-களின் தொடக்கத்தில் பருத்தித் துணி வியாபாரம் படுத்தது, தறி விற்கவில்லை. மிச்சியோவின் மருமகன் ஷுன்சோ மீன் பிடிக்கப் போய்விட்டு எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துத் திரும்பும்போது, இதில் ஒரு மோட்டார் இருந்தால் என்ன என்று யோசித்தாராம். 1952-ல் 36 சிசி மோட்டார் வைத்த சைக்கிள் வந்தது. 1954-ல் கம்பெனிப் பெயரில் மோட்டார் சேர்ந்தது. 1955-ல் சுசுலைட் என்ற 360 சிசி கார்.

ஜப்பானில் 'கெய்' என்று சின்னக் கார்களுக்கு ஒரு தனிச் சட்டம் உண்டு. இத்தனை நீளம், இத்தனை அகலம், இத்தனை சிசி என்ற வரம்புக்குள் செய்தால் வரி குறைவு. 360 சிசி என்று இருந்த வரம்பு 1976-ல் 550 ஆகி, 1990-ல் 660 ஆனது. சுசுகியின் முழுத் திறமையும் இந்தச் சின்னப் பெட்டிக்குள் வளர்ந்ததுதான்.

*

ஒசாமு சுசுகி பற்றித் தனி நோட்டே போடலாம். பிறந்தது 1930-ல், மட்சுதா என்ற குடும்பத்தில். வங்கி வேலையில் இருந்தார். மிச்சியோவின் பேத்தியைக் கட்டிக்கொண்டு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டார். வீட்டோடு மாப்பிள்ளை. முன்னால் சொன்ன ஷுன்சோவும் அப்படி வந்தவர்தான். சொந்த மகனைவிட மருமகன் கணக்கில் கெட்டி என்று நம் பக்கத்திலும் சில வீடுகளில் சொல்வதுண்டு.

1978-ல் தலைவரானார். அடுத்த ஆண்டே ஆல்டோ. விலை 4,70,000 யென். பயணிகள் கார் என்று பதிந்தால் வரி கூடுதல், சரக்கு வண்டி என்று பதிந்தால் வரி இல்லை. எனவே பின்சீட் சும்மா பேருக்கு இருந்த ஒரு சரக்கு வண்டியைச் செய்து, வீட்டுப் பெண்கள் கடைக்குப் போக விற்றார். வரிச் சட்டத்தை இப்படிப் படிக்கிற ஒருவர் சென்னை பெரியமேட்டில் தோல் மண்டி வைத்திருந்தாலும் பிழைத்திருப்பார்.

தன்னைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு அவர் வைத்த தலைப்பின் பொருள், 'நான் ஒரு சின்னக் கம்பெனிக் கிழவன்' என்பது போல வரும். ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் வண்டி விற்ற கம்பெனியின் தலைவர் சொன்னது. தொழிற்சாலைகளில் அவர் சொல்லிக்கொடுத்த மந்திரம் ஐந்து சொல்: சின்னது, குறைவு, எடையில்லாதது, குட்டை, அழகு.

*

ஷூ கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மேஜையில் தோல் விரிந்திருக்கும். கழுத்துப் பக்கம் ஒரு விதம், வயிற்றுப் பக்கம் தளர்ச்சி, நடுவில் எங்கோ உண்ணி கடித்த வடு. தோலுக்குச் சதுர அடிக் கணக்கில் காசு. டையை எங்கே வைத்தால் எத்தனை துண்டு விழும் என்று கட்டிங் மாஸ்டர் கண்ணாலேயே போடுகிற கணக்கில்தான் அந்த ஆர்டரின் லாபம் நிற்கிறது. டைக்கும் டைக்கும் நடுவே விரல் நுழையாது. மிஞ்சுகிற சீவலில் கீ செயின் செய்வார்கள்.

மாருதி 800-ன் பானெட்டைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேஜை ஞாபகம் வரும். மூன்றே சிலிண்டர், 796 சிசி, குறுக்கே படுத்த இன்ஜின், முன்சக்கரத்துக்கே நேராக ஓட்டம். நடுவில் நீளத் தண்டு கிடையாது, அதனால் உள்ளே கால் வைக்க இடம். அம்பாசடர் ஒரு டன்னைத் தாண்டும். இது சுமார் 650 கிலோ.

எங்கள் பக்கத்து மெக்கானிக் பாய்க்கு எழுபது வயதுக்கு மேல். அம்பாசடரில் தொடங்கியவர். "இந்த வண்டிக்கு அப்படி இன்னா பாய் பவர் இருக்குது?" என்று ஒரு முறை கேட்டேன்.

"பவர் ஏது தம்பி? நாப்பது குதிரகூட இல்ல. எட கம்மி. ரெண்டு பேரா தள்ளிப் பாரு, தெரியும்."

*

மாருதி கதை பலருக்குத் தெரியும், சுருக்கமாக. 1971-ல் சஞ்சய் காந்தி தொடங்கிய கம்பெனி கார் விற்காமலே மூழ்கியது. அரசு அதை எடுத்து 1981-ல் மாருதி உத்யோக் ஆக்கியது. பொறுப்பேற்றவர் வி. கிருஷ்ணமூர்த்தி, தஞ்சைப் பக்கத்துக்காரர், பிஹெச்இஎல் தலைவராக இருந்தவர். (ராணிப்பேட்டையில் அதே பிஹெச்இஎல்லின் ஆலை ஒன்று உண்டு, எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அங்கே வேலை கிடைப்பதுதான் வாழ்க்கை லட்சியம்.) ஆர்.சி. பார்கவா அவரோடு இருந்தார். கூட்டாளி தேடி ஜப்பான் போனார்கள். பெரிய கம்பெனிகள் இழுத்தடிக்க, ஒசாமு தானே உட்கார்ந்து பேசினார். எந்த நாட்டிலாவது முதலிடம் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை, ஜப்பானில் அது நடக்காது. 1982 அக்டோபர் 2-ல் கையெழுத்து, சுசுகிக்கு 26 சதவீதம். 1983 டிசம்பர் 14-ல் முதல் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார்.

முன்பணம் பத்தாயிரம் ரூபாய். ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கட்டினார்கள். அந்தக் காலத்தில் சீட்டு விழுந்தவர் வண்டியைத் தொடாமலேயே கைமாற்றி லாபம் பார்த்ததும் உண்டு.

*

விளையாட்டு என்று வந்தால் இருங்காட்டுக்கோட்டை. ஆம்பூரிலிருந்து சென்னைக்குத் தோல் சாம்பிளோடு போகிற எல்லோரும் ஶ்ரீபெரும்புதூர் தாண்டி அந்த ஊரைக் கடந்துதான் போக வேண்டும். 1990-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயத் தடம் போட்டது. அதற்கு முன் சோழவரம் விமான ஓடுதளத்தில்தான் பந்தயம்.

அங்கே ஓடியதில் ஒன்று ஃபார்முலா மாருதி. ஒற்றை சீட், திறந்த சக்கரம், உள்ளே இருப்பது அதே 800 இன்ஜின். கோவை எஸ். கரிவரதன் வடிவமைத்தது. காய்கறிப் பையோடு உழவர் சந்தைக்குப் போகிற இன்ஜினைத் தூக்கி ஒரு குழாய்ச் சட்டத்தில் மாட்டினால் பந்தயக் கார். நரேன் கார்த்திகேயன் தொடங்கியது இதில்தான். 2005-ல் அவர் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன்னுக்குப் போனார்.

அதே 2005-ல்தான் இங்கே ஸ்விஃப்ட்டும் வந்தது. ஐரோப்பியச் சாலைகளை மனதில் வைத்துச் செய்த வண்டி. எங்கள் ஊரில் இரண்டாம் தலைமுறைப் பையன்கள் அப்பாவின் 800-ஐத் தம்பிக்குத் தள்ளிவிட்டு சிவப்பு ஸ்விஃப்ட்டுக்கு மாறினார்கள். மாதனூரிலிருந்து பள்ளிகொண்டா டோல்கேட் வரை எத்தனை நிமிடம் என்பது டீக்கடைப் பேச்சு ஆனது. அந்த நிமிடக் கணக்கை எழுதினால் வீட்டில் திட்டு விழும், விட்டுவிடுகிறேன்.

*

ஆம்னி. இன்ஜின் டிரைவர் சீட்டுக்கு அடியில். மே மாதம் வேலூரில் அதை ஓட்டியவருக்கு அடுப்பின் மேல் உட்கார்வது என்றால் என்ன என்று தெரியும். முன்னால் மூக்கே கிடையாது, பம்பருக்கு அடுத்தது முழங்கால். தமிழ் சினிமா இதன் பக்கவாட்டுக் கதவைப் பார்த்ததும் இது ஆள் கடத்துகிற வண்டி என்று முடிவு செய்துவிட்டது. நிஜத்தில் அது ஏற்றியது பள்ளிப் பிள்ளைகளையும், காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி சிஎம்சிக்குப் போகிற நோயாளிகளையும், கல்யாண பிரியாணி டபராக்களையும்.

பச்சைத்தோலும் ஏற்றினார்கள். உப்புப் போட்ட தோல் வழி நெடுக நீர் விடும். உப்புத் தண்ணீர் எந்த நாட்டு இரும்பையும் விடாது. தோல் ஏற்றிய ஆம்னி என்றால் பழைய வண்டி புரோக்கர் முதலில் குனிந்து தரையைத்தான் தட்டிப் பார்ப்பார். அப்புறம் மூக்கை உள்ளே விடுவார்.

*

ஒரு ஒற்றுமை ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. 1970-களில் ஜப்பான் புகைச் சட்டங்களை இறுக்கியது. சுசுகியின் கார்கள் எல்லாம் டூ ஸ்ட்ரோக், எண்ணெயைச் சேர்த்து எரிக்கிற ரகம். சட்டத்துக்குள் வர வழி தெரியாமல் 1977-ல் போட்டியாளரான டைஹாட்சுவிடமே ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் வாங்கித் தன் காரில் போட்டு விற்றது. மானம் பார்த்திருந்தால் மூடியிருக்க வேண்டியதுதான்.

எங்களுக்கு அந்த நாள் 1996 ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கெடுத்தவனே செலவு கொடு என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதியாகச் சொன்ன தீர்ப்பு அது. டேனரிக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம். கழிவுநீரைச் சுத்தம் செய்யாதவன் கதவைச் சாத்து என்றார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தவர்கள் பிழைத்தார்கள், சேராத சின்ன ஷாப்புகள் போயின. பாலாறு பிழைத்ததா என்று கேட்டால், பாலத்தின் மேல் நின்று பார்த்துக்கொள்ளலாம். அபராதத் தொகையும் மாருதி முன்பணமும் ஒன்றே என்பது தற்செயல்தான். ஆனாலும் எழுதி வைத்தேன்.

800-ன் முடிவும் புகைச் சட்டத்தால்தான். 2010-ல் பெரிய நகரங்களுக்கு பிஎஸ் 4 புகை விதி வந்தபோது அதற்கு ஏற்ப மாற்றச் செலவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். எங்களைப் போன்ற சின்ன ஊர்களில் மட்டும் நான்கு ஆண்டு விற்றது. 2014 ஜனவரி 18-ல் நின்றது.

*

குஷியான வண்டி என்று எழுதிக்கொண்டே போகிறவன் மாருதியின் மானேசர் ஆலையையும் குறித்து வைக்க வேண்டும். 2012 ஜூலை 18. ஆலைக்குள் கலவரம், தீ, ஒரு மேலாளர் இறந்தார். 2017-ல் பதின்மூன்று தொழிலாளிகளுக்கு ஆயுள் தண்டனை. எல்லோருக்கும் ஒரே யூனிஃபார்ம், அதிகாரிக்கும் அதே கேன்டீன் என்று தொடங்கிய கம்பெனி. ஒப்பந்தத் தொழிலாளி என்று ஒரு சாதி உள்ளே வந்த பிறகு அதே சட்டை வேறு விலையானது. காலை ஏழு மணிக்கு ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிற்கிற எங்கள் பெண்களைப் பார்க்கும்போது இது ஞாபகம் வரும்.

*

ஒசாமு 2024 டிசம்பர் 25-ல் இறந்தார், 94 வயது. அடுத்த மாதம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். பாயிடம் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நம்மள வாழ வச்ச ஆளு" என்றார். பிறகு மீண்டும் எடுத்துக்கொண்டார்.

*

ஏலகிரி. பொன்னேரியிலிருந்து ஏறினால் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயர், வள்ளல் பெயர் வைத்திருக்கிறார்கள். கம்பர், கபிலர், ஔவையார், பிறகு பாரி, காரி, ஓரி. முல்லைக்குத் தேரைக் கொடுத்தவனுக்கு மலைப்பாதையில் ஒரு வளைவு. பெயர் வைத்த அதிகாரிக்கு நகைச்சுவை இருந்ததோ என்னவோ.

பெரிய வண்டிக்காரர்கள் அங்கே ஹாரனை நம்பி ஏறுவார்கள். 800-க்கு அது தேவையில்லை. இரண்டாவது கியரில் இன்ஜின் முனக, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, உள்சக்கரம் கல்லை உரசாமல் திருப்பி, மறுபடி ஆக்ஸிலேட்டர். வேகம் என்னவோ முப்பதுதான், எழுபதில் போகிற மாதிரி இருக்கும். கீழே ஜோலார்பேட்டை ரயில் தண்டவாளங்கள் வெயிலில் தெரியும்போது கை வியர்த்திருக்கும், வாய் சிரித்துக்கொண்டிருக்கும். முதலாளி விற்ற அந்த வெள்ளை வண்டி மூன்று கை மாறி எங்கள் வீட்டுக்கு வந்த கதை இன்னொரு நாள். சீட் இன்னும் ரெக்சின்தான், இரண்டு இடத்தில் நானே தைத்திருக்கிறேன், ஆட்டுத்தோல் துண்டு வைத்து.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். டயரில் காற்று. ரேடியேட்டருக்கு ஒரு கேன் தண்ணீர்.