எல்லைப்புற நகரும் முதியோர் காப்பும்

சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றம், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால், ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிகின்றது. அடுத்த ஊர் தடா. அங்கிருந்து கிழக்கே பழவேற்காட்டு ஏரி. ஏரிக்கு அப்பால் ராக்கெட்டுகள் எழும் ஸ்ரீஹரிகோட்டா. நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால் ஸ்ரீ சிட்டி. சென்னையிலிருந்து 55 கிலோமீட்டர்தான். ஆயினும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடுகின்றது. பேச்சு மட்டும் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இத்தொழில் நகரில் ஜப்பானியரின் மோட்டார் வண்டிகள் உருவாகின்றன. சென்னை மெட்ரோ ரயிலில் நாம் ஏறிச் செல்லும் பெட்டிகளுள் பல இங்கே செய்யப்பட்டவையே. 2016இல் திறக்கப்பட்ட பெரிய சாக்லேட் ஆலை ஒன்றும் உண்டு. தகவல் தொழில்நுட்பக் கல்விக்கழகமும் பல்கலைக்கழகமும் அருகருகே அமைந்துள்ளன. அகன்ற சாலைகளும் ஒழுங்காக வளர்க்கப்பட்ட மரங்களும் கண்ணுக்கு இனியன. இவற்றைப் பற்றிப் பிறர் நிறைய எழுதியிருக்கின்றனர். நாம் எழுதக் கருதியது வேறொன்று.

தாயகத்தில் தனித்திருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ முதுமை மறதி நோய் கண்டால் யாரிடம் ஒப்படைப்பது என்ற பேச்சு நம் சங்கத்துக் குடும்பங்களில் அடிக்கடி எழுவது அன்பர்கள் அறிந்ததே. 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு ஏழு பேர்க்குச் சற்று அதிகமாக, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாகக் கணித்தது. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் வீட்டிலேயே பேணப்படுகின்றனர். வீட்டில் ஆளில்லாதவர்க்கு இல்லங்களே கதி. அவ்வில்லங்களின் தரத்தை எவ்வாறு அறிவது?

சாக்லேட் ஆலையை நோக்கியபோது இக்கேள்வி நம்மைச் சற்று உறுத்தியது. இந்த நாட்டில் விற்கும் சாக்லேட் உறையின் பின்புறத்தை அன்பர்கள் திருப்பிப் பார்க்கலாம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் அங்கே அச்சாகியிருக்கும். செய்த நாளும் தொகுதி எண்ணும் இருக்கும். தவறு நேர்ந்தால் எந்த ஆலையில் எந்த நாளில் நேர்ந்தது என்று தேடிச் செல்லலாம். மிட்டாய்க்கு இத்தனை காவல்! தன் பெயரையும் மறந்த ஒரு முதியவளை ஏற்றுக்கொள்ளும் இல்லத்தின் வாயிலில் என்ன எழுதியிருக்கின்றது? பெரும்பாலும் 'அன்பு', 'கருணை' போன்ற சொற்களே எழுதப்பட்டிருக்கும். அவை நல்ல சொற்கள்தாம். ஆனால் தணிக்கைக்கு உட்படாதவை.

தணிக்கையின்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழர் நாம் மறக்க முடியாது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளர் தங்கியிருந்த தனியார் விடுதிக் கொட்டகை ஒன்று தீப்பற்றி எரிந்தது. 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் ஓட இயலவில்லை. மாண்டவர்கள் மறதி நோயாளர் அல்லர் என்று சிலர் வேறுபடுத்தலாம். தீக்கு அந்த வேறுபாடு தெரியாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை முற்றிலும் விலக்கிவிட்டது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். அதையும் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காக மட்டும் கட்டுதல் கூடாது என்று அச்சட்டம் வெளிப்படையாகவே கூறுகின்றது. சட்டம் தரும் இலக்கணத்தில் நினைவாற்றலின் பெருங்குறையும் அடங்கும். பதிவு பெற்ற நிலையம் தன் சான்றிதழை வருவோர் காணுமிடத்தில் மாட்டி வைத்தல் வேண்டும். ஆனால் பல இடங்கள் 'முதியோர் இல்லம்' என்ற பெயரிலேயே மறதி நோயாளரையும் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே, எந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றுள்ளது என்று கேட்பதில் நாம் கூச்சப்பட வேண்டுவதில்லை. இரும்புச் சங்கிலி போய்விட்ட இடத்திலும் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிய சேலைத் துணி இருக்கக்கூடும். தூக்க மருந்தும் ஒருவகைக் கட்டே. மனநோய்க்குத் தரும் சில மருந்துகள் மறதி நோயுற்ற முதியோரிடையே மரணத்தை மிகுவிக்கின்றன என்று அமெரிக்க மருந்து நிருவாகம் 2005ஆம் ஆண்டிலேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. பகலெல்லாம் அமைதியாகக் கிடக்கும் கூடத்தைக் கண்டு மகிழ்ந்துவிடாமல், என்ன மருந்து, யார் எழுதியது என்று கேட்டல் நலம்.

எல்லாவற்றினும் கடினமானது கதவு. மறதி நோயாளர் எழுந்து நடந்து போய்விடுவர். நெடுஞ்சாலையோ குளமோ அவர்களுக்கு ஒன்றே. எனவே கதவைப் பூட்டத் தோன்றுகின்றது. பூட்டிய கதவு தீயின்போது கொலைக் கருவியாகின்றது. இரண்டையும் ஒருங்கே தீர்க்கும் வழி உண்டு. அபாய மணி ஒலித்தவுடன் தானே விடுபடும் காந்தப் பூட்டுகள் விலைக்குக் கிடைக்கின்றன. புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும் வளைவு நடைபாதை அமைந்த தோட்டம் மற்றொரு வழி. நெதர்லாந்தில் 2009இல் திறக்கப்பட்ட ஹோக்வெய் என்னும் குடியிருப்பில் கடையும் தெருவும் முற்றமும் வேலிக்குள்ளேயே உள்ளன. அங்கு வாழ்வோர் விரும்பியபடி உலவுகின்றனர். நம் நாட்டில் அவ்வளவு செலவு இயலாது என்பர். இரவில் இத்தனை பேர்க்கு இத்தனை பணியாளர் என்று கணக்கு வைக்கவும், திங்கள்தோறும் எடை பார்த்துக் குறிக்கவும் எவ்வளவு செலவாகும்? எடை குறைந்தால் விழுங்குவதில் தொல்லை இருக்கலாம். ஊட்டுவதற்குப் பொறுமையான ஆள் இல்லாமலும் இருக்கலாம்.

இந்த எல்லைப்புறத்தில் இன்னொரு தரமும் உண்டு. சத்தியவேட்டுப் பகுதி ஒருகாலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குச் சென்றது. 2022 ஏப்ரலில் அதுவே திருப்பதி மாவட்டமாயிற்று. தம் ஊரைவிட்டு ஓரடியும் நகராத பெரியவர் ஒருவர் இரண்டு மாநிலங்களிலும் மூன்று மாவட்டங்களிலும் வாழ்ந்துவிட்டார்!

மறதி நோயைக் கண்டறிய உலகெங்கும் வழங்கும் 30 மதிப்பெண் சோதனை 1975இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. 'இது எந்த மாநிலம், எந்த மாவட்டம்?' என்பன அதில் வரும் வினாக்கள். நம் பெரியவர் 'செங்கல்பட்டு' என்று விடை பகர்ந்தால் மதிப்பெண் போயிற்று. பழைய நினைவு நிலைத்துப் புதியது நழுவுவது இந்நோயின் இயல்பாதலால், அவ்விடை நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அவர் கூறுவது பொய்யும் அன்று. எதிரே அமர்ந்து வினவுபவர் இவ்வூர் வரலாறு அறிந்தவரா என்பது அப்போது பெரிய செய்தியாகின்றது. மொழியும் அவ்வாறே. பிற்காலத்தில் கற்ற மொழி பலர்க்கு முதலில் தேய்கின்றது. அறுபதாண்டுகள் தெலுங்கில் கடை நடத்தியவர் ஒருநாள் தமிழில் மட்டும் தண்ணீர் கேட்பார். அச்சொல் விளங்காத பணியாள், 'தண்ணீர் வேண்டாமென்கிறார்' என்று எழுதிவைத்தால் நேரக்கூடிய தீங்கைச் சொல்ல வேண்டுவதில்லை. அயல்நாட்டில் நம்மவர் முதுமையடையும் இல்லங்களிலும் இதே இடர்ப்பாடு உண்டு.

ஆகவே, பெற்றோரை ஓர் இல்லத்தில் சேர்க்கும் அன்பர்கள் மருத்துவச் சீட்டுகளோடு மற்றொரு தாளும் சேர்த்துக் கொடுக்கலாம்: பிறந்த ஊர், செய்த தொழில், உடன்பிறந்தார் பெயர், தண்ணீருக்கும் வலிக்கும் இயற்கைக் கடனுக்கும் அவர் வழங்கும் சொற்கள். சத்தியவேட்டுப் பெரியவர்க்கு எழுதும்போது, மாவட்டம் என்ற இடத்தில் மூன்று பெயர்களையும் ஆண்டுகளோடு வரிசையாக எழுதிவிடுவது நல்லது.