கவிழ்த்த சீட்டு

சூதாட்டத்தைப் பற்றி எழுத இந்தப் பக்கங்களில் இடம் கேட்பது சிலருக்கு விநோதமாகப்படலாம். ஆனால் ஏ. அல்வாரெஸ் விமர்சகராகவும் போக்கர் ஆட்டக்காரராகவும் இருந்தவர். 1962இல் 'தி நியூ பொயட்ரி' தொகுப்பைக் கொண்டுவந்தார்; 1981இல் லாஸ் வேகாஸில் நடந்த போக்கர் உலகப் போட்டியைப் பார்த்துவிட்டு 1983இல் 'தி பிக்கஸ்ட் கேம் இன் டவுன்' எழுதினார். இரண்டுமே வாசிப்புதான் என்று நான் நண்பர்களிடம் சாமர்த்தியமாகச் சொல்லி வந்தேன். சென்ற வருஷம் எல்.எஃப்.ஸி.யில் கோவா போய், மாண்டோவி ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பல் ஒன்றில் உட்கார்ந்த பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

டெக்ஸாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டு மூன்று, ஒன்று, ஒன்று என்று மேசை நடுவில் திறக்கப்படும். முதல் இரண்டு சீட்டுக்கு ஒரு பந்தயம், பிறகு திறக்கும் ஒவ்வொரு தவணைக்கும் ஒன்று. அந்த மேசையில் கட்டாயப் பந்தயம் 50, 100. என் முன்னால், லீவை விற்று வந்த பணத்தில், 30,000 ரூபாய்க்குச் சில்லுகள். எதிரே இருந்த பெரியவரிடம் அதற்கும் மேல்.

இந்த ஆழம்தான் விஷயம். கையில் மூவாயிரம் மட்டும் இருந்திருந்தால் நாலாவது சீட்டிலேயே எல்லாம் நடுவுக்குப் போயிருக்கும். அதற்குமேல் தீர்மானிக்க ஒன்றுமில்லை, சீட்டு விழுவதை வேடிக்கை பார்க்கலாம். பணம் மீந்திருக்கும்போது, அதுவரை வைத்த பந்தயங்கள் எல்லாம் கடைசிக் கேள்விக்கு முன்னுரையாகிவிடுகின்றன.

எனக்கு இரண்டு ஒன்பது, டைமனும் கிளாவரும். பொதுவில் இஸ்பேட் ஒன்பது, இஸ்பேட் ஆறு, ஆட்டின் இரண்டு. ஒன்பது மூன்றும் சேர்ந்துவிட்டது. திறப்பதற்கு முன் 400, திறந்ததும் 600, டைமன் ராஜா விழுந்ததும் 2,000 என்று வைத்தேன். பெரியவர் ஒவ்வொன்றுக்கும் பேசாமல் ஈடு வைத்தார். ஐந்தாவது சீட்டு இஸ்பேட் மூன்று. அதுவரை தானாக ஒரு பந்தயமும் வைக்காதவர், நடுவில் இருந்த 6,050க்கு எதிராக 12,000 தள்ளினார். அவரிடம் இரண்டு இஸ்பேட் இருந்தால், அல்லது நாலும் ஐந்தும் இருந்தால், என் மூன்று ஒன்பது செல்லாது.

கணக்கு சுலபம். 12,000 போட்டு ஜெயித்தால் நடுவிலிருந்து 30,050 வரும். ஆகவே நூற்றுக்கு நாற்பது தடவை அவர் வெறும் கையோடு மிரட்டுகிறவர் என்றால் எனக்கு நஷ்டமில்லை. வான் நாய்மானும் மார்கென்ஸ்டெர்னும் 1944இல் வெளியிட்ட புத்தகத்தில், இப்படி மிரட்டுவது குணக்கேடு அல்ல, ஆட்டத்தின் ஓர் அங்கம் என்று ஸ்தாபித்தார்கள். ஒருபோதும் மிரட்டாதவனின் நல்ல சீட்டுக்கு எவனும் பணம் தரமாட்டான். இரட்டிப்புப் பந்தயம் வைப்பவன் ஐந்தில் இரண்டு தடவை மிரட்டினால், எதிராளி போடுவதும் விடுவதும் ஒன்றுதான். அங்கே கணக்கு வாயை மூடிக்கொள்கிறது. பிறகு ஆளை வாசிக்க வேண்டும்.

நான் அவரை வாசிக்கவில்லை. அவருடைய வயதை, இஸ்திரி போட்ட சட்டையை, மூன்று மணி நேர மௌனத்தைப் பார்த்தேன். இந்த ரகத்து மனிதர் மிரட்டமாட்டார் என்று முடிவு செய்தேன். அவருடைய கை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சீட்டைக் கவிழ்த்துவிட்டேன். அவரும் தன் இரண்டு சீட்டைக் கவிழ்த்தபடியே டீலர் பக்கம் நகர்த்தினார். பார்க்கப் பணம் கட்டாதவனுக்குக் காட்ட வேண்டியதில்லை. நியாயமான விதி.

ஊர் திரும்பும் ரயிலில் அல்வாரெஸின் இன்னொரு புத்தகம் ஞாபகம் வந்தது. 1962 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு சில்வியா பிளாத் தன் புதிய கவிதைகளை அவருக்குப் படித்துக் காட்டினார். கவிதைகளின் வலிமை அவருக்கு உடனே தெரிந்தது. ஆனால் விருந்துக்குப் போக வேண்டியிருந்தது, எழுந்து போய்விட்டார். 1963 பிப்ரவரி 11இல் பிளாத் தற்கொலை செய்துகொண்டார். 1971இல் வந்த 'தி ஸாவேஜ் காட்' நூலில் அவரே இதைச் சொல்கிறார், தன்னைத் தப்பவிடாமல். கவிதையைச் சரியாக வாசித்தவர் அவர். எதிரில் இருந்தவரை வாசிப்பதற்கு அந்த இரவு என்ன விலை கேட்டதோ, அதை அவர் கொடுக்கவில்லை.

எனக்கு அந்த அளவுக்குக்கூடப் பெருமை இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன் ஓர் இளைஞர் நாற்பது கவிதைகள் அடங்கிய நோட்டு ஒன்றைக் கொடுத்தார். பத்து படித்தேன். அப்போது எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த வார்த்தைகள்தான் கண்ணில் பட்டன. இந்த ரகம் என்று தீர்மானித்து, 'பாவனை' என்று ஒற்றை வார்த்தை சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். "சரிங்க சார்" என்று வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் பெயரை எந்தப் பத்திரிகையிலும் நான் பார்க்கவில்லை. என் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். நூற்றுக்கு அறுபது தடவை இருக்கும்.

மீதி முப்பது கவிதைகளைப் பார்க்க எனக்கு 12,000 ரூபாய் ஆகியிருக்காது. ஒரு சாயங்காலம் ஆகியிருக்கும்.

அவர் விலாசம் என்னிடம் இருக்கிறது. இன்னும் எழுதவில்லை.