கூனியும் குறளனும் அப்புவும்

ஐப்பசி மழை வலுத்திருந்த ஒரு பிற்பகல். முதுகலை வகுப்பில் மருதக்கலி நடத்திக்கொண்டிருந்தோம். தஞ்சையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மருதத்துக்கு உரை தேவையில்லை. சன்னலைத் திறந்துவிட்டால் போதும். ஆனால் அன்று எடுத்தது கலித்தொகையின் 94ஆம் பாடல். அரண்மனையில் குற்றேவல் செய்யும் கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் எதிர்ப்பட்டு, ஒருவர் உடம்பை மற்றவர் எள்ளி, முடிவில் இணங்கிப் போகும் பாட்டு.

வகுப்பு உறங்காதிருக்க ஓர் உத்தி செய்தோம். குறளன் பேசும் இடங்களில் முழங்காலை மடக்கி, 'அபூர்வ சகோதரர்கள்' அப்புவைப் போல் நாலெட்டு நடந்து காட்டினோம். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. மூன்றாம் வரிசையில் ஒரு மாணவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் உயரம் நாலடிக்கும் குறைவு. அவர் அங்கிருப்பது, வெட்கத்தோடு சொல்கிறோம், நமக்கு மறந்தே போயிருந்தது.

பாடம் முடிந்ததும் அருகில் வந்தார். முகத்தில் கோபமில்லை. "ஐயா, அந்தப் படத்தில் அப்புவோடு சர்க்கஸில் இருப்பார்களே, அவர்கள் பெயர் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

தெரியவில்லை. அன்றிரவு படத்தை மறுபடி பார்த்தோம். 1989இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் வந்தபோது நாம் சிறு பிள்ளை. கமல்ஹாசனின் கால் எங்கே போயிற்று என்பதுதான் அப்போது தெருவெல்லாம் பேச்சு. மடக்கிய முழங்காலில் காலணி மாட்டியது, குழி வெட்டி அதில் இறங்கி நடந்தது என்று பிற்பாடு படித்தோம். நம் ஊர்ப் பொய்க்கால் குதிரைக்காரர் கட்டையில் ஏறி உயர்கிறார். இவர் தம்மை மடக்கிக் குறைகிறார். இரண்டும் உடம்பை வதைக்கும் வித்தைதான். காதலென்று நம்பிப் போன அப்பு, அவள் திருமணத்துக்குச் சாட்சியாக மட்டுமே அழைக்கப்பட்டிருப்பதை அறியும் இடத்தில் இப்போதும் தொண்டை அடைத்தது. அந்த நடிப்பைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்த முறை கண் அவரைத் தாண்டிப் போயிற்று. பின்னால் நிற்கிறார்கள், வித்தை ஏதும் தேவைப்படாத மனிதர்கள்.

வெளியுலகிலும் இதுவே கதை. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களில் கிம்லி என்ற குள்ள வீரனாக வந்த ஜான் ரிஸ்-டேவிஸ் ஆறடிக்கு மேற்பட்டவர். உயரம் தெரியவேண்டிய காட்சிகளில் பிரெட் பீட்டி என்பவர் அவருக்குப் பதிலாக நின்றார். முகம் ஒருவருடையது, உயரம் இன்னொருவருடையது. 2025இல் வந்த 'ஸ்னோ ஒயிட்' படத்தில் ஏழு குள்ளர்களையும் கணினியிலேயே வரைந்துவிட்டார்கள். அந்தப் பழங்கதையை மறுபடி எடுப்பதையே 2022இல் பீட்டர் டிங்க்லேஜ் கண்டித்தார். எங்கள் பிழைப்பு போகிறதே என்று அவரைப் போன்றே குள்ளமான வேறு நடிகர்கள் வருந்தினார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

மலையாளத்தில் வினயன் 2005இல் எடுத்த 'அத்புத த்வீபு' (தமிழில் 'அற்புதத் தீவு') இங்கே தனித்து நிற்கிறது. இரண்டரை அடி உயரமுள்ள கின்னஸ் பக்ருதான் அதில் நாயகன். சுற்றிலும் நூற்றுக்கணக்கான குள்ள நடிகர்கள். கதையில் அவர்கள் குள்ளமானதற்குக் காரணம் ஒரு சாபம். சாபமில்லாமல் ஒரு குள்ளன் கதைக்குள் நுழைய முடியாதோ? திருவள்ளுவர் நூலுக்கு வாய்த்த பெயரும் குறள்தான். அதை வாமனனோடு ஒப்பிட்டுப் போற்ற நமக்குத் தெரிகிறது.

பிறகு 94ஆம் பாடலைத் திரும்பப் படித்தோம். அதைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அதுவும் கேலிப் பாட்டுதான், ஏவலர் காதலை மேலோர் வேடிக்கை பார்க்கும் பாட்டு. ஆயினும் வகுப்பில் நாம் விட்டுவிட்ட ஓரிடம் உண்டு. அரண்மனைக்குள் கண்டவர்கள் சிரிக்கக் கூடாதே என்ற கவலை அவர்கள் பேச்சில் வருகிறது. அதனால்தான் இருவரும் வெளியே சோலைக்குப் போகிறார்கள். நாம் அந்த இடத்தைத் தாவிப் போனதற்குக் காரணம், அப்போது வகுப்பே சிரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் அதே பாடலை மீண்டும் எடுத்தோம். முதலில் வகுப்பின் முன் மன்னிப்புக் கேட்டோம். பிறகு அந்த மாணவரிடம், குறளன் பகுதியை வாசிக்க விருப்பமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம்.

"கூனி பகுதியை வாசிக்கிறேன் ஐயா," என்றார். "அவளுக்குத்தான் நல்ல வரிகள்."