நல்ல பையனின் ட்ரம்பெட்

ஜாஸ் மேதைகளின் வாழ்க்கை வரலாறுகளில் பாதி ஒரே கதைதான். திறமை, புகழ், ஹெராயின், ஜெயில், அகால மரணம். 1940-களில் நியூயார்க் பையன்களிடம் ஒரு மூடநம்பிக்கை: சார்லி பார்க்கர் மாதிரி வாசிக்கணுமா, அவரை மாதிரியே ஊசி போட்டுக்கோ. பார்க்கரே வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை. 1955-ல் பார்க்கர் இறந்தபோது வயது 34. உடலைப் பார்த்தவர்கள் ஐம்பதுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒரு நல்ல பையன் இருந்தார். கிளிஃபோர்ட் பிரவுன். 1930-ல் டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில் பிறந்தவர். காலேஜில் கணக்குப் பாடம். ஓய்வு நேரத்தில் செஸ். ஊசி பக்கமே போனதில்லை. 1950-ல் ஒரு கார் விபத்து, கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆஸ்பத்திரிவாசம். அப்போதே புகழின் உச்சியில் இருந்த டிஸ்ஸி கில்லஸ்பி வந்து பார்த்து, 'ட்ரம்பெட்டை விட்டுடாதே' என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

விடவில்லை. 1954-ல் டிரம்மர் மாக்ஸ் ரோச்சுடன் சேர்ந்து குழு ஆரம்பித்தார். எத்தனை வேகத்தில் வாசித்தாலும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, உருண்டையாக வந்து விழும். இந்த ஆள் மூச்சு எங்கேதான் விடுகிறார் என்று தேடுவீர்கள்.

1955 கடைசியில் குழுவில் சேர்ந்தார் சாக்ஸபோன்காரர் சானி ரோலின்ஸ். ஹெராயினுக்குச் சிகிச்சை முடிந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தவர். பழைய சகவாசம் கூப்பிடும் நேரம். பக்கத்தில் பார்த்தால், ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காகப் பழகி, ராட்சசத்தனமாக வாசிக்கும் ஒருவர். சுத்தமாக வாழ்ந்துகொண்டே நல்ல ஜாஸும் வாசிக்கலாம் என்பதைக் காட்டியவர் கிளிஃபோர்ட்தான் என்று பின்னாளில் ரோலின்ஸ் சொன்னார்.

1956 ஜூன் 26. சிகாகோ கச்சேரிக்காக ராத்திரிப் பயணம். மழை. பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் கார் உருண்டது. பியானோ கலைஞர் ரிச்சி பவல், வண்டி ஓட்டிய அவர் மனைவி, கிளிஃபோர்ட் மூவரும் இறந்தார்கள். கிளிஃபோர்டுக்கு வயது 25. அன்று அவருடைய இரண்டாவது கல்யாண நாள். மனைவிக்குப் பிறந்த நாளும் அதுவே.

'ஒழுங்கா இருந்து என்ன சார் லாபம்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவருக்கு ஆயுளைத் தரவில்லை, உண்மைதான். ஆனால், ரோலின்ஸ் எண்பது வயது தாண்டியும் மேடையேறி வாசித்தார். அந்த வருஷங்களில் கொஞ்சம் கிளிஃபோர்டின் கணக்கில் சேர வேண்டியது.

மனைவியை நினைத்து அவர் இயற்றியது 'ஜாய் ஸ்ப்ரிங்'. ஏழே நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். இன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.