கல்லும் ஏடும் ஒரு பேனாவும்

ரப்பருக்கும் கந்தகத்துக்கும் உள்ள உறவு விந்தையானது. ரப்பர்ப் பாலில் சிறிதளவு கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் இழுபடும் ரப்பர் கிடைக்கிறது. நூற்றுக்கு முப்பது பங்கு அளவில் சேர்த்தால் கொம்பைப் போல இறுகிய எபோனைட் ஆகிறது. பழைய லீவர் பேனாக்கள் பலவற்றில் உடல் எபோனைட், உள்ளிருக்கும் மைக்குழாய் மென்ரப்பர். முன்னது நூறாண்டு தாங்கும். பின்னது சில பத்தாண்டுகளில் இறுகி நொறுங்கிவிடும்.

அமெரிக்கரான வால்டர் ஷெஃபர் 1908இல் காப்புரிமை பெற்ற லீவர் முறை எளியது. பக்கவாட்டு நெம்புகோலைத் தூக்கினால் உள்ளிருக்கும் தகடு டியூபை அழுத்தும். விட்டால் டியூப் விரிந்து மையை உறிஞ்சும். நம் ஊர்களில் புழங்கிய கடைசல் பேனாக்களில் இந்தத் தொல்லை இல்லை. கழுத்தைத் திருகி, ஃபில்லரால் உடல் முழுதும் மை நிரப்பிக்கொள்வோம். கெட்டுப்போக அதில் ரப்பர்ப் பை கிடையாது.

தாத்தா வாங்கி, அரியலூர்ப் பக்கம் ஆசிரியராக இருந்த அப்பா எழுதிய லீவர் பேனா ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அப்பாவின் மறைவுக்குப் பிறகு அதைச் சீராக்க எண்ணியபோது தம்பி தடுத்தான். "அப்பா அடைச்ச மை இன்னும் உள்ளதான் இருக்குண்ணா. அப்படியே இருக்கட்டும்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மாற்றப்படவேண்டிய டியூபில்தான் அந்த மை காய்ந்து ஒட்டியிருந்தது.

பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சாத்தனூர்க் கல்மரம் தெரிந்திருக்கும். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகறியச் செய்தது. 18 மீட்டர் நீளம், ஏறத்தாழ 12 கோடி ஆண்டு வயது. மரத்தின் இழைகள் இருந்த இடத்தில் சிலிக்கா புகுந்து, வடிவம் மட்டும் அப்படியே நிற்கிறது. அது பிழைத்திருப்பதில் ஒருவகை. ஆனால் இனித் துளிர்க்காது.

இன்னொரு வகையும் இதே மண்ணில் உண்டு. உ.வே. சாமிநாதையர் இளமையில் அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னம், செங்கணம் முதலிய ஊர்களிலும் தமிழ் கற்றவர். 1887இல் அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி அவர் கைக்கு வந்தது மூல ஏட்டிலன்று. பிரதிக்குப் பிரதியாக வந்த ஏடுகளில். ஓலை செல்லரிக்குமுன் எவரோ புதிய ஓலையில் படியெடுத்தார். பழைய ஓலையைப் போகவிட்டதால்தான் நூல் இருந்தது.

தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் பேனாவை என்னிடம் நீட்டினான்.

வேலைக்குத் தேவை பொறுமையே. தலைமுடி உலர்த்தியின் மிதமான சூட்டைக் காட்டிக் கழுத்தை மெல்லத் திருகிக் கழற்றவேண்டும். எபோனைட்டை நீரில் ஊறவைத்தால் கறுப்பு பழுப்பாகும். முனையில் ஒட்டிய பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்து, அந்த அளவுக்கேற்ற டியூபைத் தேர்ந்து, உடலின் அடியில் முட்டாத நீளத்துக்கு வெட்டவேண்டும். டியூபின் அளவை இன்றும் அங்குலத்தின் 64இல் ஒரு பங்காகவே எண்ணுகிறார்கள். 16ஆம் எண் என்றால் கால் அங்குலம். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை முனையில் தடவி டியூபை ஏற்றி ஓர் இரவு உலரவிட்டு, மணமில்லாத டால்கம் தூவி உள்ளே செலுத்தினால் முடிந்தது.

உறுதியான பசைகள் கடையில் எத்தனையோ இருக்க, அரக்கு எதற்கு? சூடு காட்டினால் அது இளகிவிடும். அடுத்துப் பிரிப்பவர் பேனாவை உடைக்கவேண்டியதில்லை. தன் வேலை இறுதியானதன்று என்று அறிந்தவர்கள் கண்ட வழி இது என்று நினைக்கிறேன்.

நொறுங்கிய டியூபின் துண்டுகள் நீலப்பொடியோடு ஒரு சிமிழில் தம்பியிடம் இருக்கின்றன. பேனா என்னிடம் எழுதிக்கொண்டிருக்கிறது. விடைத்தாள்களில் மதிப்பெண் இடும்போது அப்பாவின் எழுத்தைப்போலவே நிப்பு சற்று இடப்பக்கம் சாய்கிறது. இந்த டியூபும் ஒருநாள் இறுகும். அன்று அதைத் திறக்கப்போவது யாரென்று தெரியவில்லை. அரக்கு அவருக்கு இடம்கொடுக்கும்.